கூடத் தங்கியிருக்கிற பொண்ணு

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க்கா. எனக்கு இந்த ஓரம்தான் சரி. இறங்கறப்ப யாரையும் தாண்ட வேண்டியதில்ல. பெருந்துறையில இறங்கணும். நீங்க ஈரோடுங்களா? அப்ப நல்லது. நல்லதுன்னா, பக்கத்துல ஒரு பொம்பளை இருந்தா வேற எவனும் வந்து உட்கார மாட்டான்ல, அதைச் சொன்னேன்.

நானுங்களா? திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். ஊரு கொடுமுடி பக்கம். பேரு மகுடேஸ்வரி. பி.காம் முடிச்சிருக்கேன். எங்க குடும்பத்துல காலேஜ் படியேறின மொத ஆளு நான்தான். பெருமைக்குச் சொல்லலீங்க்கா. வெளிய பாக்கறவங்களுக்குப் பெருமையாத் தெரியும். எனக்கு உள்ளுக்குள்ள எப்பவும் பயம்தான்.

இல்லீங்க்கா, அழுகல. ராத்திரி தூங்கல, அதான் கண்ணு அப்படி இருக்கு. எல்லாம் ஹாஸ்டல்ல எங்கூட ரூம்ல இருக்கிறாளே ஒருத்தி, அவளாலதான். பிருந்தான்னு பேரு. எனக்கு ஒரு நல்ல இடம் அமைய இருந்துச்சு. அவளால கெட்டுது. முழுசாக் கெட்டுப்போச்சுன்னும் சொல்ல முடியாது. எந்த நிலைமையில நிக்குதுன்னு எனக்கே தெரியல. நீங்க பெரியவங்க, கேட்டுட்டுச் சொல்லுங்க, எம்மேல ஏதாவது தப்பு இருக்கான்னு. இல்லாததை ஒண்ணுகூடச் சேர்த்துச் சொல்ல மாட்டேன். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

அவ ஊரு நாமக்கல் பக்கம். வேற கம்பெனி. பனியனுக்கு, குழந்தைங்க துணிக்கெல்லாம் டிசைன் போடற வேலை. என்னைவிட ரெண்டு வயசு பெரியவ. வந்த புதுசுல அக்கான்னு கூப்பிட்டேன். “அக்கான்னு கூப்பிட்டீன்னா எனக்கு இப்பவே முட்டி வலிக்குது, பேரைச் சொல்லு” அப்படின்னா. பெரியவங்களை எப்படிங்க்கா பேரைச் சொல்றது? அதனால இந்த ரெண்டு வருஷமா ‘இந்தாங்க’, ‘கேளுங்க’ன்னே ஓட்டிட்டு இருக்கேன். அவ என்னை மகுடம்னுதான் கூப்பிடுவா. “என்னடி மகுடம், மேனேஜர் ஏதாச்சும் சொன்னானா? மூஞ்சி சரிஞ்சு கிடக்குது?” அவளுக்கு எல்லாரும் ‘டி’தான். ஹாஸ்டல் சமையக்காரம்மாவைக்கூட ஒரு நாள் ‘வாடி என் ராசாத்தி’ன்னு கட்டிப் பிடிச்சா. அந்தம்மாவும் வெக்கமில்லாம சிரிக்குது.

அவ முடி இவ்வளவுதாங்க்கா, இந்தா கழுத்து வரைக்கும். அவளே போய் வெட்டிட்டு வந்தா. நல்ல முடி, அடர்த்தி. எனக்கு இருக்கறது எலி வால். அதை எண்ணெய் வெச்சு எண்ணெய் வெச்சு நான் வளர்த்திட்டு இருக்கேன், அவ அந்த முடியைத் தூக்கிப் போட்டுட்டு வந்து நிக்கறா. “பொண்ணு பாக்க வந்தா என்ன பண்ணுவீங்க?”ன்னு கேட்டேன். “பாத்துட்டுப் போகட்டும், இதுவும் முடிதானே”ன்னா.

வண்டி வெச்சிருக்கா. ஸ்கூட்டி இல்லீங்க்கா, ஆம்பளைங்க ஓட்டறது. லீவு விட்டா அதை எடுத்துட்டு வால்பாறைக்குப் போயிருவா. தனியா. மழையில. சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து, தலையைத் துவட்டிட்டு, படுத்தா படுத்த நிமிஷத்துல தூங்கிருவா. அதுதாங்க்கா எனக்கு ஆச்சரியம். இவ்வளவும் பண்ணிட்டு ஒரு பொண்ணுக்கு எப்படித் தூக்கம் வருது? நான் ஒரு தப்பும் பண்றதில்ல, விடிய விடிய முழிச்சுட்டுக் கிடக்கறேன்.

புரட்டாசி சனிக்கிழமையில பிரியாணி. சொன்னா நம்ப மாட்டீங்க. ரூம் பூரா வாசம். நான் பெருமாளுக்கு ஒரு பொழுது இருக்கேன். “ஒரு பீஸ் மட்டும் சாப்பிடு, பெருமாள்கிட்ட நான் பேசிக்கறேன்”ங்கறா.

அப்பறம் சாதிக்குன்னு ஒரு பையன். அவகூட வேலை பாக்கறவன். சாயங்காலமானா ஹாஸ்டல் கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடியில நின்னு பேசுவாங்க. என்ன பேசுவாங்களோ தெரியாது, அவ தலையைப் பின்னால சாய்ச்சுச் சிரிப்பா. ஒரு பொண்ணு நடுத்தெருவுல அப்படிச் சிரிக்கலாமுங்களா? வெள்ளிக்கிழமைன்னா பச்சை குர்தா போடுவா, அது அவளுக்கு எடுப்பா இருக்கும். அவனும் அன்னைக்குக் கொஞ்ச நேரம் சேர்த்தே நிப்பான். நான் வேணும்னு பாக்கறதில்லீங்க்கா. என் கட்டில் ஜன்னலோரம். கண்ணுல படுது. “வெளிச்சம் தொந்தரவா இருந்தா கட்டிலை மாத்திப் போட்டுக்கலாமா?”ன்னு அவளே ஒரு தடவை கேட்டா. எனக்குக் காத்து வேணும்னு சொல்லிட்டேன்.

எனக்கும் அப்படியெல்லாம் இருக்கத் தெரியாம இல்லீங்க்கா. எங்கப்பா மஞ்சள் மண்டியில மூட்டை தூக்கறவரு. என்னைக் காலேஜ்ல சேர்க்கறப்ப சொந்தக்காரங்க எல்லாம் என்ன சொன்னாங்க தெரியுமா? “பொட்டப்புள்ளையை இத்தனை தூரம் அனுப்பறே, எவனையாச்சும் இழுத்துட்டு வந்து நிக்கப் போகுது பாரு”ன்னாங்க. மொத நாள் பஸ் ஏத்திவிட வந்த அப்பா, பஸ் கிளம்பறப்ப ஜன்னல் கம்பியைப் பிடிச்சுட்டுச் சொன்னாரு: “கண்ணு, நீ ஒரு அடி தப்பா வெச்சீன்னா நம்ம தெருவுல இன்னொரு புள்ள படிக்கப் போகாது. அதை மட்டும் மனசுல வெச்சுக்க.” அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூட மறந்திருப்பேன். அன்னையிலிருந்து எந்த இடத்துல கால் வெச்சாலும் எங்க தெருவே பின்னாடி வர்ற மாதிரி இருக்கும். கேண்டீன்ல ஒரு பையன் பக்கத்துல உட்கார்ந்தா எந்திரிச்சிருவேன். காலேஜ் டூர் போகல. சினிமா போகல. இப்ப எங்க தெருவுல மூணு புள்ளைங்க காலேஜ் போகுதுங்க்கா. என்னாலதான். அதுல ஒருத்தி போன பொங்கலுக்கு முடியை வெட்டிட்டு, கிழிஞ்ச மாதிரி ஒரு பேண்ட்டைப் போட்டுட்டு வந்து நிக்கறா. யாரும் ஒண்ணும் சொல்லல. எங்கப்பாவே “நல்லா இருக்குதே கண்ணு”ங்கறாரு. எனக்கு அன்னைக்குச் சோறே இறங்கல.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததில்ல. ஜாதகம் பொருந்தினா, பொண்ணு வீட்டுக்குச் சொல்லாம, பொண்ணு வேலை பாக்கற இடம், தங்கற இடம்னு போய் விசாரிப்பாங்க. வர்றவங்களும் இன்னார் வீடுன்னு சொல்ல மாட்டாங்க. பதில் சொல்றவங்களும் பேர் சொல்ல மாட்டாங்க. பொண்ணு பேரைக்கூட வெளிப்படையா எடுக்க மாட்டாங்க. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா யாரும் மாட்டிக்கக் கூடாதுல்ல.

அன்னைக்கு லீவு நாள். நான் தலைக்குக் குளிச்சுட்டுத் துண்டைக் கட்டிட்டு உட்கார்ந்திருந்தேன். பிருந்தா வண்டியை எடுத்துட்டு எங்கயோ போயிட்டா. கேட்ல இருக்கிற பாப்பாத்தியக்கா கீழ இருந்து சத்தம் போட்டாங்க: “நாலாம் நம்பர் ரூம்ல ஆரு இருக்கீங்க? கூடத் தங்கியிருக்கிற பொண்ணைப் பத்தி விசாரிக்க ஆள் வந்திருக்குது!”

எனக்கு உடனே புரிஞ்சுது. பிருந்தாவுக்கு மாப்பிள்ளை பாக்கறாங்க. அந்த வாரம்தான் அவங்கம்மா போன்ல, “நல்ல இடம் வந்திருக்குடி, இதையாவது கேளு”ன்னு கத்தினது இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சு. எங்கப்பா எங்கிட்ட ஒண்ணும் சொல்லியிருக்கல. நாலு வருஷமா வர்றதெல்லாம் தட்டிப்போகுது, அமைஞ்சப்பறம் புள்ளைகிட்டச் சொல்லிக்கலாம்னு அவரு இருந்திருக்காரு. அது எனக்கு எப்படித் தெரியும்?

நைட்டி மேல ஒரு துப்பட்டாவைப் போட்டுட்டு இறங்கினேன். மாடிப்படி இறங்கற அந்த நேரத்துலயே எனக்கு வயிறு எரியுதுங்க்கா. பொய் சொல்லல. வேண்டாம் வேண்டாம்ங்கறவளுக்கு வாசல் வரைக்கும் ஆள் வருது. முடி இல்ல, விரதம் இல்ல, கூச்சம் இல்ல, அவளுக்கு வருது.

கீழ ஒரு அம்மா. நாப்பது வயசு இருக்கும். காட்டன் சேலை, கையில கைப்பை. கோகிலவாணின்னு பேரு, அது பின்னாடிதான் தெரியும்.

“உக்காரு கண்ணு. கூட இருக்கிற பொண்ணைப் பத்தி ரெண்டு வார்த்தை கேக்கலாமுன்னு வந்தேன். புள்ள எப்படி?”

நல்ல புள்ளைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா பொய் சொல்லி ஒரு குடும்பத்தைக் கெடுக்கலாமுங்களா? நாளைக்கு அந்தம்மா என்னைத்தானே சாபம் விடுவாங்க? “என் பேரை மட்டும் கேக்காதீங்க, உள்ளதைச் சொல்லிடறேன்”னேன். சொன்னேன். முடி வெட்டினது, வண்டி, வால்பாறை, சனிக்கிழமை பிரியாணி, சத்தமாச் சிரிக்கறது, அம்மாகிட்ட எதுத்துப் பேசறது. எல்லாம்.

அந்தம்மா மூஞ்சி சுளிக்கும்னு பாத்துட்டே இருந்தேன். சுளிக்கல. நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுட்டாங்க.

“வால்பாறைக்கா? அத்தனை கொண்டை ஊசி வளைவுலயும் ஓட்டுமா?”

“ஓட்டுவாளுங்க. மழையிலயும் ஓட்டுவா.”

“அடேயப்பா. காரு?”

“அதுவும் ஓட்டுவா. கம்பெனி கார்ல வந்து இறங்கிப் பாத்திருக்கேன்.”

அதுக்கு என்னமோ தலையை ஆட்டிக்கிட்டாங்க. சரி, இவங்களுக்கு உறைக்கற மாதிரி சொல்லணும்னு சாதிக் விஷயத்தையும், வெள்ளிக்கிழமை பச்சை குர்தாவையும் சொன்னேன்.

“அந்தப் பையன் எப்படி? கையைக் கிய்யைப் பிடிச்சுப் பேசுவானா?”

“அப்படி நான் பாத்ததில்லீங்க. நிப்பாங்க, பேசுவாங்க, சிரிப்பாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

பாத்தீங்களா? இன்னொருத்தியா இருந்தா நாலு சேர்த்துச் சொல்லியிருப்பா. நான் சொல்லல.

அப்பத்தான் பாப்பாத்தியக்கா மெஸ் வாசல்ல நின்னுட்டு, “ஏ மகுடேஸ்வரி! இட்லி ஆறுது, எடுத்து வெக்கட்டுமா, கொட்டட்டுமா?”ன்னு கத்தினாங்க.

அந்தம்மா அப்படியே என்னைப் பாத்தாங்க. “மகுடேஸ்வரியா? நீயா?”

“ஆமாங்க.”

“கொடுமுடிப் பொண்ணு?”

“ஆமாங்க.”

“சாமி, உன்னைப் பத்தி விசாரிக்கத்தானே வந்தேன்! நீ கூட இருக்கிற புள்ளைன்னு நெனச்சு உங்கிட்டயே கேட்டுட்டேன். அப்ப இத்தனை நேரம் நீ சொன்னது ஆரை?”

அக்கா, அந்த நேரத்துல எனக்குக் காது ரெண்டும் அடைச்சுப்போச்சு. போட்டோவுல பாத்திருப்பாங்களேன்னு கேக்கறீங்க, இல்லையா? எங்கப்பா கொடுத்தது பட்டம் வாங்கறப்ப எடுத்த போட்டோ. கறுப்பு அங்கி போட்டு, ஸ்டுடியோக்காரன் என்னை மைதாவுல முக்கி எடுத்த மாதிரி வெள்ளையாக்கி வெச்சிருப்பான். கண்ணாடியும் அப்ப கிடையாது. தலையில துண்டு கட்டி, நைட்டியில நிக்கறவளை அந்தம்மா எப்படிக் கண்டுபிடிப்பாங்க? என்னைக் கூட இருக்கிற பொண்ணுன்னும், நான் சொன்னதெல்லாம் மகுடேஸ்வரியைப் பத்தின்னும் எடுத்துக்கிட்டாங்க. என் வாயாலயே என் கதையை முடிச்சுட்டேனேன்னு உக்காந்துட்டேன்.

ஆனா அந்தம்மா திட்டலீங்க்கா. சிரிக்கறாங்க. சேலைத் தலைப்பை வாயில வெச்சு அடைச்சுட்டுச் சிரிக்கறாங்க. “போட்டோவுல பூனைக்குட்டி மாதிரி இருக்கற புள்ள, வால்பாறைக்கு வண்டி ஓட்டுதான்னு எனக்கு ஒரே சந்தோசம் போ! எங்கப்பாவுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரி போகணும். மாப்பிள்ளை என் தம்பிதான், ஷிப்ட்டுக்குப் போயிருவான். அவன் வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேச மாட்டான். இப்படி ஒரு புள்ள வந்தா வீடே நிமிந்துருமுன்னு நெனச்சுட்டுக் கேட்டுட்டு இருக்கேன்.”

அப்பறம் கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி. “அந்தப் புள்ளைக்கு ஊட்ல மாப்பிள்ளை பாத்துட்டு இருக்காங்களா?”

எனக்கு வந்த இடம், அக்கா. என்னை விசாரிக்க வந்தவங்க. நாலு வருஷம் நான் கும்பிட்ட சாமி, நான் இருந்த விரதம், நான் போகாத சினிமா. எல்லாத்துக்கும் சேர்த்து ஒருத்தங்க வாசல் வரைக்கும் வந்தா, அவங்களுக்கும் அவளைத்தான் பிடிக்குது. குறைன்னு சொன்னதெல்லாம் நெறைன்னு ஆயிருச்சு. அவ அந்த இடத்துல இல்லவே இல்ல, அப்பவும் ஜெயிச்சுட்டா.

இல்லவே இல்லைன்னு சொன்னேனா? அதுக்குள்ள வந்துட்டா. வண்டியை நிறுத்திட்டு, ஹெல்மெட்டைக் கழட்டிட்டு வர்றா. அந்தம்மா அவளை ஏற இறங்கப் பாத்து, “நீதானா அது?”ங்கறாங்க.

“எதுங்க?”ங்கறா இவ.

மெஸ் வாசல்ல நின்னு கேட்டுட்டே இருந்த பாப்பாத்தியக்காதான் எல்லாத்தையும் சொன்னாங்க. ஒண்ணு விடாம. கேட்டுட்டு இவ படியிலயே உக்காந்து சிரிக்கறா. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிக்கறா. நான் சுவரோட சுவரா நிக்கறேன்.

“கல்யாணம் பண்ணிக்கற எண்ணம் இருக்கா கண்ணு?”ன்னு அந்தம்மா நேராவே கேட்டுட்டாங்க.

“இப்ப இல்லீங்க. வந்தா நானே சொல்லிக்குவேன்.”

எவ்வளவு லேசாச் சொல்றா பாருங்க! தட்டுல மிச்சம் வெக்கற மாதிரி. எனக்குக் கிடைக்காம நான் ஏங்கறதை, அவ கையால தொட்டுக்கூடப் பாக்காம வேண்டாம்ங்கறா. அவ சரின்னு சொல்லியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது.

அதோட நின்னாளா? எனக்காகப் பேசறா. “மகுடத்தையே பாருங்கக்கா. இவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதான் இப்பப் பாத்தீங்களே. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரி பூரா துணியை நனைச்சு நனைச்சு நெத்தியில போட்டா. எங்கம்மாகூட அப்படிப் பாத்ததில்ல.”

காய்ச்சல்ல கிடந்தா யாரா இருந்தாலும் செய்யறதுதானுங்க்கா? அதை எதுக்கு இழுக்கணும்? அவ சிபாரிசுல எனக்கு ஒரு வாழ்க்கையா? செருப்பால அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல.

அந்தம்மா போனப்பறம் ரூமுக்கு வந்து, “எம்மேல கோவமில்லையா?”ன்னு கேட்டேன். கோவப்பட்டா நல்லா இருக்கும்னு இருந்துச்சு. சண்டை போட்டுட்டு நான் ரூம் மாறிக்குவேன்ல.

“எதுக்குக் கோவம்? நீ சொன்னதெல்லாம் நான் பண்ணினதுதானே?”

“அசிங்கமா இல்லையா?”

“எனக்கு எதுக்குடி அசிங்கம்? ஆனா ஒண்ணு, வெள்ளிக்கிழமையில பச்சை குர்தா போடறேன்னு நீ சொல்லித்தான் எனக்கே தெரியுது. என்னை இவ்வளவு பாத்திருக்கியேடி நீ!” சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தா. தூங்கிட்டா.

அதுக்கப்பறம் அந்தம்மா எனக்குப் போன் பண்ணினாங்க. தம்பி பேரு பூபதியாம். சிப்காட்ல ஒரு கம்பெனியில சூப்பர்வைசர். நடந்ததைச் சொன்னாங்களாம், அவரும் சிரிச்சாராம். பாக்கணும்ங்கறாராம். ஆனா பெரியவங்க யாரும் வேண்டாமாம். பொண்ணு பாக்கற கூட்டத்துல அவருக்கு நாக்கே எழும்பாதாம். பெருந்துறையில ஒரு பேக்கரி, அங்க நாங்க ரெண்டு பேர் மட்டும். “பிடிச்சா முறையா உங்கூட்டுக்கு வர்றோம் கண்ணு. பிடிக்கலேன்னா ஆருக்கும் தெரியப் போறதில்ல. அப்பாகிட்ட இப்பச் சொல்ல வேண்டாம்.”

மாட்டேங்கன்னு சொல்லிட்டேன். பட்டுன்னு சொல்லிட்டேன். அப்பாவுக்குத் தெரியாம ஒரு ஆம்பளைகூடப் போய் உக்கார்றதா? நான் அந்த மாதிரிப் பொண்ணு இல்லைன்னு சொன்னேன்.

“சரி கண்ணு, உன் இஷ்டம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவன் அங்க இருப்பான். மனசு வந்தா வா”ன்னு வெச்சுட்டாங்க.

பிருந்தாகிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். வாய் நிக்கல.

“போயிட்டு வா”ன்னா.

“அப்பாகிட்டச் சொல்லாமயா?”

“சொல்லிட்டுப் போ.”

“சொன்னா விட மாட்டாரு.”

“அப்பச் சொல்லாமப் போ.”

“அது பொய்யில்லையா?”

“அப்பப் போகாதே. ஏண்டி உயிரை வாங்கறே?”

இப்படித்தாங்க்கா அவ. போறது, போகாதது, சொல்றது, சொல்லாதது எல்லாம் அவளுக்கு ஒரே எடைதான். அப்பறம் கொஞ்ச நேரம் கழிச்சு, “தனியா போகப் பயமா இருந்தா வண்டியில கொண்டுபோய் விடறேன், வெளியவே நின்னுக்கறேன்”னா. வேண்டாம்னுட்டேன். அவரு அவளைப் பாத்துட்டாருன்னா? ஏற்கனவே அக்கா பாத்தாச்சு. தம்பியும் பாக்கணுமா?

ஆமாங்க்கா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதான்.

அப்படிப் பாக்காதீங்க. இன்னும் முடிவு பண்ணல. பஸ்தானே ஏறியிருக்கேன். பெருந்துறையில இறங்கி அப்படியே எதிர்ப்பக்கம் போய் அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிடலாம்ல. அதுக்காகத்தான் இந்த ஓரத்துல உக்கார்ந்திருக்கேன்.

ஒரு நிமிஷங்க்கா, போன். அம்மா.

சொல்லும்மா. இல்லம்மா, ஹாஸ்டல்லதான். துணி துவைச்சுட்டு இருந்தேன். சத்தமா? கீழ ரோட்டுல லாரி போகுது. சாப்பிட்டேன். சாம்பார். சரிம்மா. அப்பா மாத்திரை போட்டாரா? சரி. வெச்சிடறேன், தண்ணி வழியுது.

ஸ்ஸ். தண்ணி வழியுதுங்கறது எங்கிருந்துங்க்கா எனக்கு வந்துச்சு? கேக்காமயே வருது.

பிருந்தா அவங்கம்மாகிட்டப் பொய்யே சொல்ல மாட்டா தெரியுமா? “சாதிக்கோட சினிமாவுக்குப் போறேம்மா, வந்து பேசறேன்”னு சொல்லிட்டுத்தான் போவா. அந்தப் பக்கம் அவங்கம்மா கத்தும். இவ போனைக் கட்டில்ல வெச்சுட்டுத் தலை சீவுவா. கத்தி முடிச்சதும் எடுத்து, “சரிம்மா, பை”ம்பா. அவ்வளவுதான். பொய் சொல்ல வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லீங்க்கா. அதுதான் எனக்கு அவகிட்டப் பிடிக்காதது. முடி இல்ல, வண்டி இல்ல, அந்தப் பையன்கூட இல்ல. அது ஒண்ணுதான்.

விஜயமங்கலம் தாண்டிடுச்சுங்களா? இவ்வளவு சீக்கிரமா?

அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? நீங்க பெருந்துறையில எங்கூட இறங்கறீங்களா? அரை மணி நேரம். பேக்கரியில தள்ளி ஒரு மேசையில உக்காந்துக்கங்க. என் அத்தைன்னு சொல்லிக்கலாம். கொடுமுடி அத்தை, திருப்பூர் வந்தவங்க, தற்செயலா எங்கூட வந்துட்டாங்கன்னு. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நீங்க கண்ணுல பட்டுட்டே இருந்தாப் போதும், நான் தனியா வந்தவ ஆக மாட்டேன். வேற பஸ் நிறைய இருக்குங்க்கா ஈரோட்டுக்கு, நானே ஏத்தி விடறேன்.

மருமக ஆஸ்பத்திரியில இருக்காங்களா? அப்ப வேண்டாங்க்கா, வேண்டாம். நான் சும்மா கேட்டேன். நீங்க போங்க.

தனியாவே போலாம்ங்கறீங்க. உங்களுக்கென்ன, சொல்லிட்டு ஈரோட்டுக்குப் போயிருவீங்க. நானும் ஒரு தடவை தனியா எங்கயாவது... பிருந்தா இந்நேரம் என்ன பண்ணிட்டு இருப்பா தெரியுமா? தூங்கிட்டு இருப்பா. நான் போனேனா, திரும்பி வந்தேனான்னுகூட யோசிக்க மாட்டா. இல்ல, யோசிப்பா. வந்ததும் கேப்பா. ‘பேசினியாடி? என்ன பேசினே?’ம்பா. பாதியில திரும்பிட்டேன்னு அவகிட்டப் போய் நான் சொல்லணும். அதைக் கேட்டுட்டு அவ ஒண்ணும் சொல்லாம இருப்பா பாருங்க, அதை நெனச்சாத்தான்... இல்லீங்க்கா. அது முடியாது. இறங்கறேன். போய்த்தான் பாக்கணும்.

ஸ்டாப் வந்துருச்சுங்க்கா. அந்தப் பச்சை போர்டு போட்ட கடைதான் பேக்கரி போல. முன்னாடி ஒருத்தர் நிக்கறாரு பாருங்க, வெள்ளைச் சட்டை. கையை எங்க வெக்கறதுன்னு தெரியாம பாக்கெட்டுல விடறாரு, எடுக்கறாரு. அவராத்தான் இருக்கும். என்னைவிடப் பயந்திருப்பாரு போலிருக்கே.

துப்பட்டா நேரா இருக்குங்களா? மூஞ்சியில எண்ணெய் வழியுதா? சரி. போயிட்டு வர்றேங்க்கா.

அக்கா, ஒரே ஒரு விஷயம். ஈரோட்டுல எங்க ஊர் ஆளுங்க பாதிப் பேர் சுத்திட்டு இருப்பாங்க. யாராவது உங்ககிட்ட வந்து, கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு, பஸ்ஸுல உங்க பக்கத்துல உக்கார்ந்து வந்தாளே, எங்க இறங்கினா, யாரைப் பாக்கப் போனான்னு கேட்டா, ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருங்க. உள்ளதைச் சொல்றேன்னு எதையும் சொல்லி வெச்சிராதீங்க்கா. ஒரு பொண்ணோட வாழ்க்கை.